மூக்கு பார்க்கிற பொருத்தம்

போன மாதம் செண்ட் பற்றி ஒரு வாசகருக்கு நாலு வரி பதில் எழுதியிருந்தேன். அதைத் தொட்டு இவ்வளவு கேள்விகள் வரும் என்று நினைக்கவில்லை. சுற்றிச் சுற்றி எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: உடம்பு வாசனைக்கும் ஆண் பெண் ஈர்ப்புக்கும் நிஜமாகவே சம்பந்தம் இருக்கிறதா? அதனால் இந்த மாதம் முழுக்க இதுவே. பாதிப் பேர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருந்தார்கள், மீதிப் பேர் கேட்கவில்லை, எதற்கு வம்பு என்று எல்லாருக்குமே ஊரை மட்டும் போட்டுவிட்டேன்.

சார், இன்ஸ்டாகிராமில் ‘பெரோமோன் பெர்ஃப்யூம்’ விளம்பரம் திரும்பத் திரும்ப வருகிறது. ரெண்டு சொட்டு போட்டால் பெண்கள் தானாக வந்து பேசுவார்களாம். சின்ன பாட்டில் 1,800 ரூபாய். வாங்கலாமா?
*— ஐந்து ரோடு, சேலம்*

வேண்டாம் தம்பி. ஏன் வேண்டாம் என்பதற்குக் கொஞ்சம் பட்டுப்பூச்சி கதை கேட்க வேண்டும், பரவாயில்லையா?

நம் பக்கம் மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்க்கிறவர்கள் நிறைய. முட்டைக்காகக் கூட்டை விட்டுவைத்திருக்கிற இடத்துக்கு ஒரு நாள் காலையில் போய்ப் பாருங்கள். பெண் பூச்சி வெளியே வந்ததும் வயிற்று நுனியில் மஞ்சளாக இரண்டு சின்னப் பைகளைத் துருத்திக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும். ஆண் பூச்சிக்குப் பறக்கத் தெரியாது, ஆயிரக்கணக்கான வருஷமாக மனுஷன் தட்டில் வைத்து ஊட்டி வளர்த்ததில் அந்தத் திறமை போயே போய்விட்டது. ஆனாலும் அந்த வாசம் பட்ட உடனே இறக்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டு, அப்படியும் இப்படியும் வட்டம் போட்டு, நடந்தே அவளிடம் போய்ச் சேர்ந்துவிடும். கண்ணை மறைத்தாலும் போகும். தலையில் இருக்கிற உணர்கொம்பை வெட்டிவிட்டால் மட்டும் பக்கத்திலேயே பெண் இருந்தாலும் தெரியாது.

இதில் வேலை செய்கிற பொருள் எது என்று ஜெர்மனியில் அடால்ஃப் பூட்டெனாண்ட் என்கிற வேதியியலாளர் தேட ஆரம்பித்தார். ஏற்கெனவே நோபல் பரிசு வாங்கிய ஆள். கிட்டத்தட்ட 20 வருஷம், 5 லட்சம் பெண் பூச்சிகள், அத்தனையிலும் சேர்த்து சில மில்லிகிராம் கிடைத்தது. 1959-ல் அதன் அமைப்பை வெளியிட்டார். பெரோமோன் என்ற பெயரை வேறு இரண்டு விஞ்ஞானிகள் வைத்ததும் அதே வருஷம்தான். ஒரே இனத்துக்குள், இன்ன பொருள், பட்டால் இன்ன காரியம் நடந்தே தீரும் என்று காட்ட முடிந்தால்தான் அந்தப் பெயர்.

மனுஷனில் அப்படி ஒரு பொருளை இதுவரை யாரும் கண்டுபிடித்துக் காட்டவில்லை. பாட்டிலில் அடைத்து விற்பது பெரும்பாலும் ஆண்ட்ரோஸ்டினோன், இல்லையென்றால் அதன் பங்காளி ஆண்ட்ரோஸ்டாடையீனோன். முதலாவது ஆண் பன்றியின் எச்சிலில் இருப்பது. பருவத்துக்கு வந்த பெண் பன்றி அதை மோந்தால் அசையாமல் நின்றுகொடுக்கும். பன்றிப் பண்ணைக்காரர்களுக்கு அது ஸ்பிரேயாகவே விற்பனைக்கு உண்டு. மனுஷ மூக்கில் அதன் கதியே வேறு. மூக்கில் இருக்கிற ஒரு ஏற்பியின் மரபணு ஆளுக்கு ஆள் மாறுவதால் சிலருக்கு அது பழைய மூத்திர நாற்றம், சிலருக்கு இனிப்பு வாசம், சிலருக்கு எதுவுமே தெரியாது. இரண்டாவது எப்படி ‘மனித பெரோமோன்’ ஆனது என்று ஆக்ஸ்ஃபோர்டின் டிரிஸ்ட்ரம் வயட் பழைய கட்டுரைகளைத் தோண்டிப் பார்த்து 2015-ல் எழுதினார். வேர் எங்கே போய் நிற்கிறதென்றால், அதை விற்க நினைத்த ஒரு கம்பெனி 1991-ல் பணம் போட்டு நடத்திய மாநாட்டில். அதற்கு முன்னால் ஆதாரம் என்று ஒன்றுமே இல்லை.

ஆக, அந்த 1,800 ரூபாயைக் கொட்டிக்கொண்டு புது பஸ் ஸ்டாண்டில் நின்றால் உங்களைக் கவனிக்க வாய்ப்புள்ள ஒரே ஜீவன் பெண் பன்றிதான், அதுவும் அதற்குப் பருவமாக இருக்க வேண்டும்.

ஆனால் ஒன்று. சாதாரண செண்ட் வேலை செய்கிறது, வேறு வழியில். இங்கிலாந்தில் 2009-ல் கிரெய்க் ராபர்ட்ஸ் குழு சில இளைஞர்களுக்கு வாசனையுள்ள டியோடரண்ட்டும் சிலருக்கு வாசனை இல்லாததும் கொடுத்து, பிறகு அவர்களை வீடியோ எடுத்து, சத்தத்தை அணைத்துப் பெண்களிடம் காட்டியது. வாசனை போட்டவர்களுக்குத்தான் மதிப்பெண் அதிகம். வீடியோவில் ஏது வாசனை? போட்டுக்கொண்டவனின் நடை, நிற்கிற தோரணை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அதற்கு 150 ரூபாய் பாட்டில் போதும்.

எங்கள் பட்டியில் சேலம் கருப்பு ஆடுகள் வளர்க்கிறோம். கிடாவை உள்ளே விட்டால், பருவத்துக்கு வராமல் இருந்த பெட்டைகள்கூட சில நாளில் வந்துவிடுகின்றன. கிடா நாற்றம்தான் காரணம் என்று என் அப்பா சொல்வார். நிஜமா? மனுஷனுக்கும் இது பொருந்துமா?
*— மேச்சேரி*

உங்கள் அப்பா சொன்னது சரி. 2014-ல் ஜப்பானியர்கள் இதை நிரூபித்தார்கள். செய்த விதம் ரசமானது: கிடாக்களின் தலையில் வாசனையை உறிஞ்சிக்கொள்கிற தொப்பியை மாட்டிவிட்டு, தொப்பியில் சேர்ந்ததைப் பிரித்துப் பார்த்தார்கள். காயடித்த கிடாவிடம் இல்லாத ஒரு பொருள் மற்றவற்றிடம் இருந்தது. பெட்டையின் மூளையில் இனப்பெருக்க ஹார்மோன்களுக்குக் கிளம்பு என்று சொல்கிற இடத்தை அது நேராகத் தட்டுகிறது. அந்தப் பொருளின் வாசனை ஆரஞ்சுப் பழ வாசனை! காற்று பட்டு அது மாறும்போதுதான் நாம் மூக்கைப் பொத்துகிற அந்தக் கிடா நாற்றம் வருகிறது.

மனுஷனுக்குப் பொருந்தாது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் நாய்க்கும் மூக்குக்குள் இதற்கென்றே தனி உறுப்பு ஒன்று வேலை செய்கிறது. நமக்கு அதன் குழி மட்டும் மிச்சம், மூளைக்குப் போகிற கம்பி இல்லை.

வேர்வை வாசனையை வைத்தே பொருத்தமான ஜோடியை மூக்கு கண்டுபிடித்துவிடும் என்று யூடியூபில் பார்த்தேன். டி-ஷர்ட் ஆராய்ச்சி என்றார்கள். அப்படியென்றால் ஜாதகத்துக்குப் பதில் சட்டையை அனுப்பலாமா?
*— கல்லூரி மாணவி, அஸ்தம்பட்டி*

நல்ல யோசனை, தரகர்களுக்கும் தூக்குவது சுலபம். சரி, விஷயத்துக்கு வருவோம்.

அந்த ஆராய்ச்சி உண்மையில் நடந்தது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் கிளாஸ் வெடகிண்ட் 1995-ல் செய்தது. 44 ஆண்கள் இரண்டு ராத்திரி ஒரே பருத்தி டி-ஷர்ட்டில் தூங்கினார்கள். செண்ட் கூடாது, வாசனை சோப் கூடாது. அப்புறம் 49 பெண்கள் அட்டைப்பெட்டிக்குள் வைத்த சட்டைகளை மோந்து பார்த்து, எது பிடிக்கிறது என்று மதிப்பெண் போட்டார்கள். நம் உடம்பில் வெளியிலிருந்து வந்த கிருமி எது, சொந்த செல் எது என்று அடையாளம் காட்டுகிற மரபணுக் கூட்டம் ஒன்று இருக்கிறது. கிட்னி மாற்றும்போது பொருத்தம் பார்ப்பார்களே, அதேதான். அந்த மரபணுக்கள் தன்னுடையதிலிருந்து வேறுபட்ட ஆணின் சட்டையைத்தான் பெண்கள் அதிகம் விரும்பினார்கள். கருத்தடை மாத்திரை சாப்பிட்டவர்களிடம் முடிவு தலைகீழ். கேட்க அற்புதமாக இருக்கிறது இல்லையா, வேறுபட்ட இரண்டு பேர் சேர்ந்தால் பிள்ளைக்கு நோய் எதிர்ப்பு பலவிதமாகக் கிடைக்கும், அதை மூக்கு முன்கூட்டியே பார்த்துவிடுகிறது என்று.

யூடியூப்காரர்கள் இங்கேயே வீடியோவை முடித்துவிடுகிறார்கள். அதன் பிறகு எத்தனையோ பேர் திரும்பச் செய்து பார்த்தார்கள். சிலருக்கு அதே மாதிரி வந்தது, சிலருக்கு ஒன்றுமே வரவில்லை, சிலருக்கு எதிராகவே வந்தது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டிக் கணக்குப் பார்த்தபோது தெளிவான விளைவு எதுவும் மிஞ்சவில்லை. மாத்திரைக் கதைக்கும் அதே நிலைமை.

என்னைக் கேட்டால் சுவிட்சர்லாந்து வரை போகவே வேண்டாம். அக்கா மகளையும் மாமன் மகளையும் தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்கொண்டு வந்த ஊர் நம்முடையது. ரத்த சொந்தத்தில் இந்த மரபணுக்கள் ஒத்துப்போக வாய்ப்பு அதிகம். மூக்குக்கு நிஜமாகவே அவ்வளவு அதிகாரம் இருந்திருந்தால் எத்தனை முகூர்த்தம் பாதியில் நின்றிருக்கும்? (சொந்தத்தில் கட்டுவதை நான் ஆதரிக்கவில்லை. பிள்ளைகளுக்கு வருகிற பரம்பரை நோய் தனி விஷயம், அதற்கு மூக்கு எச்சரிக்காது, டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.)

என் வீட்டுக்காரர் ஜவுளி வியாபாரமாக மாசத்தில் பத்து நாள் வெளியூர் போய்விடுவார். அவர் கழற்றிப் போட்ட சட்டையைத் தலையணைக்கு மேல் போட்டுக்கொண்டுதான் எனக்குத் தூக்கமே வருகிறது. துவைக்கப் போட எடுத்த மாமியார் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார். இது ஏதாவது மனக்கோளாறா?
*— அம்மாப்பேட்டை*

ஒரு கோளாறும் இல்லை அம்மணி. உங்கள் மாமியாருக்கும் ஒரு காலத்தில் இப்படி ஒரு சட்டை இருந்திருக்கும், விசாரித்துப் பாருங்கள்.

கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 2018-ல் 96 பெண்களைச் சோதித்தார்கள். சிலருக்குத் துணைவரின் சட்டை, சிலருக்கு யாரோ ஒருவருடையது, சிலருக்கு யாரும் போடாதது. மோந்த பிறகு பொய் இன்டர்வியூ, மனக்கணக்கு என்று டென்ஷன் ஏற்றினார்கள். துணைவரின் சட்டையை மோந்தவர்கள் குறைவாகப் பதறினார்கள். அந்நிய ஆணின் சட்டையை மோந்தவர்களுக்கு உடம்பில் பதற்றத்தின் ஹார்மோன் கூடியிருந்தது. அதே குழு 2020-ல் 155 பேரைத் துணையின் வாசனை ஏறிய சட்டையைத் தலையணையில் போட்டுத் தூங்க வைத்தது. நீங்கள் செய்கிற அதே காரியம்தான், அவர்கள் கட்டுரை எழுதிவிட்டார்கள்! ராத்திரிக்குச் சராசரியாக 9 நிமிடம் தூக்கம் கூடியது.

இந்த மாதக் கேள்விகளில் எனக்கு முக்கியமாகப் பட்டது உங்களுடையதுதான். வாசனை பிடித்து அதனால் ஆள் பிடிக்கிறது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது அதற்கு எதிர்த்திசையில்: ஆள் பிடித்துப்போகிறது, பழகப் பழக அந்த வாசனை அந்த ஆளாகவே ஆகிவிடுகிறது. மூக்கு கொஞ்சம் சொல்பேச்சு கேட்கிற உறுப்பு. ஆக்ஸ்ஃபோர்டில் 2005-ல் ஒரே வாசனையைச் சிலமுறை ‘பாலாடைக்கட்டி’ என்றும் சிலமுறை ‘உடம்பு நாற்றம்’ என்றும் எழுத்தில் காட்டி மோக்க வைத்தார்கள். முதல் பெயருக்கு நன்றாக இருக்கிறது என்றார்கள், இரண்டாவதற்கு முகம் சுளித்தார்கள், மூளையின் ஸ்கேன்கூட அதற்கேற்ப மாறியது. இன்னொன்று சொன்னால் சிரிப்பீர்கள். தாய்மார்களிடம் சொந்தக் குழந்தையின் அழுக்கு டயப்பரையும் அடுத்த குழந்தையின் டயப்பரையும் கொடுத்து 2006-ல் சோதித்திருக்கிறார்கள். எது யாருடையது என்று சொல்லாமல் கொடுத்தபோதும் சொந்தப் பிள்ளையுடையதுதான் குறைவாக அருவருத்தது. பிள்ளை பெற்றவர்களுக்கு இதற்கு ஆராய்ச்சியே தேவையில்லை.

சட்டையை ஒரு பாலித்தீன் பையில் மடித்து மூடி வையுங்கள், பத்து நாளும் தாங்கும். மாமியார் கையிலும் படாது.

செண்ட் கடையில் நடுவில் காபிக்கொட்டையை மோந்து பார்க்கச் சொல்கிறார்களே, அது எதற்கு?
*— முதல் அக்ரஹாரம்*

மூக்கு ‘கிளியர்’ ஆகும் என்பார்கள். 2011-ல் காபிக்கொட்டை, எலுமிச்சைத் துண்டு, வெறும் காற்று மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் ஒரு வித்தியாசமும் இல்லை. கடைக்கு வெளியே வந்து நின்று நாலு மூச்சு விட்டுவிட்டுப் போங்கள்.

கல்யாணமாகி நாலு மாதம். அவர் நல்லவர்தான், ஆனால் சாயந்திரம் வேலை முடிந்து வந்தால் பக்கத்தில் உட்கார முடியவில்லை. எப்படிச் சொல்வது? சொன்னால் மனசு நோகுமோ?
*— ஓமலூர்*

சொல்லத்தான் வேண்டும், ஆனால் அந்த நேரத்தில் மூக்கைச் சுளித்துக்கொண்டு சொல்லாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை, அவர் குளித்து நல்ல மனசோடு இருக்கும்போது, ‘இந்தச் சட்டைத்துணி உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது’ என்று சட்டையில் ஆரம்பியுங்கள். அது முழுப் பொய்யும் இல்லை. பாலியஸ்டர் சட்டையில் பருத்தியைவிட வேர்வை நாற்றம் அதிகம் தங்குகிறது என்று பெல்ஜியத்தில் 2014-ல் ஆராய்ந்திருக்கிறார்கள்; நாற்றம் கிளப்புகிற சில பாக்டீரியாக்களுக்கு அந்த இழை பிடித்தமான இடம். நல்ல பருத்தித் துணிக்கு நம் ஊரில் பஞ்சமா?

வேர்வைக்கென்று பெரிதாக நாற்றம் கிடையாது. உடம்பு முழுக்க இருக்கிற 20 முதல் 40 லட்சம் சுரப்பிகளில் வருவது உப்புத்தண்ணீர், சூட்டைத் தணிக்க. அக்குளிலும் தொடையிடுக்கிலும் வேறு வகைச் சுரப்பி. வயசுக்கு வந்த பிறகுதான் வேலையை ஆரம்பிக்கும், கொஞ்சம் கொழுப்பும் புரதமும் கலந்து விடும். அதைத் தின்கிற பாக்டீரியாக்கள் விடுகிற கழிவுதான் நாம் மோப்பது. ஒன்று ஆட்டு நாற்றம், ஒன்று வெங்காயம், ஒன்று கிட்டத்தட்ட சீரகம். கொரியாக்காரர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஒரே ஒரு மரபணு மாற்றத்தால் இது வருவதே இல்லை, அவர்கள் காதுக் குறும்பிகூட ஈரமில்லாமல் உதிரியாக இருக்கும். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, தேய்த்துத்தான் குளிக்க வேண்டும்.

அக்குளைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துக் காய விட்ட பிறகு சட்டை போடச் சொல்லுங்கள். வேர்வையையே குறைக்க வேண்டுமென்றால் அலுமினிய உப்பு சேர்ந்த ஆன்ட்டிபெர்ஸ்பிரண்ட்டை ராத்திரி படுக்கும்போது தடவ வேண்டும், காலையில் அவசரத்தில் அடித்தால் பாதிதான் பலன். சலூன்கடையில் ஷேவிங் முடித்துத் தேய்க்கிற படிகாரமும் அலுமினிய உப்புதான், நனைத்து அக்குளில் தேய்க்கலாம், ஆனால் வேர்வையை அவ்வளவாக நிறுத்தாது.

இது நாள்பட்ட விஷயமாக இருந்தால் இதோடு போதும். திடீரென்று வாசனை மாறினால் டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரை நோயாளியின் மூச்சில் பழ வாசனை அடித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, மறுநாள் பார்க்கலாம் என்று விடக்கூடாது. என்ன குளித்தாலும் மீன் நாற்றம் போகவில்லை என்பதும் ஒரு மரபுக் கோளாறு, பெயரோடு இருக்கிறது, சாப்பாட்டை மாற்றிக் குறைக்கலாம். அந்தப் பிரச்சினையோடு வாழ்கிறவர்களைச் சுத்தமில்லாதவர்கள் என்று ஊர் பேசுவது பெரிய அநியாயம்.

பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா?
*— செவ்வாய்ப்பேட்டை*

பாண்டிய மன்னனுக்கு வந்த சந்தேகம் செவ்வாய்ப்பேட்டைக்கும் வந்துவிட்டது! பொற்காசு யார் தருவார் என்று எழுதவில்லையே.

முடி செத்த பொருள், தனியாக அதற்கு மணம் இல்லை. ஆனால் மண்டைத்தோலில் எண்ணெய்ச் சுரப்பிகள் நெருக்கமாக இருக்கின்றன, அந்த எண்ணெயைத் தின்று வாழ்கிற ஒரு வகைக் காளானும் இருக்கிறது. ஆய்வகத்தில் கொழுப்பு போட்டு அதை வளர்த்தால் பீச் பழ வாசனை வருகிற பொருளை உண்டாக்குகிறது. ஆகையால் நக்கீரர் கட்சிக்கும் பாதி, எதிர்க்கட்சிக்கும் பாதி. அது போக, முடி எதிரே வந்த வாசனையையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும்: மல்லிகை, சாம்பிராணி, தாளித்த கடுகு, எல்லாம். பெண்களுக்கு மட்டுமல்ல, ஆண்களுக்கும் இதே கதைதான், மன்னன் அந்தப் பக்கம் யோசிக்கவில்லை.

எனக்கு 68 வயது. பேத்தி மடியில் உட்கார்ந்து ‘தாத்தா வாசம்’ என்கிறாள். வயதானால் நாற்றம் கூடுமா?
*— ஆத்தூர்*

மாறும், கூட வேண்டும் என்றில்லை. 40 வயதுக்கு மேல் தோலின் கொழுப்பு காற்றுப் பட்டுச் சிதைந்து நொனினால் என்கிற ஒரு பொருள் உண்டாகிறது என்று ஜப்பானியர்கள் 2001-ல் சொன்னார்கள். அமெரிக்காவில் 2012-ல் இளைஞர், நடுவயதினர், வயதானவர் என்று மூன்று வயதுக் குழுவினரின் அக்குள் வாசனையையும் மோக்க வைத்தார்கள். வயதானவர்களுடையது காரமில்லாதது, அவ்வளவு மோசமில்லை என்றுதான் சொன்னார்கள். கடைசி இடம் நடுவயது ஆண்களுக்கு. ஆகவே உங்கள் மகனை முதலில் குளிக்கச் சொல்லுங்கள் ஐயா. பேத்தி சொன்னது பாராட்டு.

காபி எஸ்டேட்டில் வேலை. கொரோனா வந்து போனதிலிருந்து காபி வாசனை எனக்கு அழுகிய, கருகிய நாற்றமாக இருக்கிறது. போன மார்ச்சில் மழைக்குப் பிறகு காபிப்பூ பூத்து மலையே மணக்கிறது என்றார்கள், எனக்குத் தெரியவில்லை. இதைவிட, என் கணவர் பக்கத்தில் வந்தாலும் அதே கருகல் நாற்றம். அவரிடம் சொல்லவும் முடியாமல் தள்ளித் தள்ளிப் படுக்கிறேன். அவருக்கு வேறு மாதிரி சந்தேகம் வந்துவிட்டது.
*— ஏற்காடு*

முதலில் அவரிடம் சொல்லுங்கள், இன்றைக்கே. இந்தப் பக்கத்தையே காட்டினாலும் சரி. அவர் உடம்பில் ஒரு மாற்றமும் இல்லை. வாசனையை எடுத்துப்போகிற நரம்புகள் அடிபட்டுத் திரும்ப வளரும்போது செய்தி குளறுபடியாகப் போகிறது. பரோஸ்மியா என்று பெயர். கொரோனாவுக்குப் பிறகு எத்தனையோ ஆயிரம் பேருக்கு வந்தது. உங்களுக்குக் காபியே எதிரியானதும் தற்செயல் இல்லை, வறுத்த காபியில் இருக்கிற கந்தகம் சேர்ந்த ஒரு பொருள்தான் இந்தக் கோளாறை அதிகம் கிளப்புவது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். வெங்காயம், பூண்டு, வறுவலும் பலருக்கு இப்படி ஆகும். வேர்வையிலும் கந்தகப் பொருள் உண்டு, உங்கள் கணவர் அதில் மாட்டிக்கொண்டார் போலிருக்கிறது. கொஞ்ச நாளைக்கு அவர் தோட்டத்திலிருந்து வந்ததும் குளித்துவிட்டு வரட்டும்.

மூக்குக்குப் பயிற்சி கொடுக்கலாம். ஜெர்மனியில் தாமஸ் ஹம்மல் 2009-ல் ஒரு முறையைச் சோதித்து எழுதினார், இப்போது உலகம் முழுக்க டாக்டர்கள் சொல்வது அதைத்தான்: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். நான்குமே எண்ணெயாகக் கிடைக்கும். தைலம் உங்கள் மலையிலேயே உண்டு. காலையும் ராத்திரியும் ஒவ்வொன்றையும் பத்திருபது விநாடி மெதுவாக மோந்து, இது இந்த வாசனை என்று பழையதை நினைத்துப் பார்க்க வேண்டும். வாசனை வரவில்லையென்றாலும் விடக்கூடாது. குறைந்தது 12 வாரம், பலருக்கு இன்னும் அதிகம் பிடிக்கிறது. கேஸ் கசிந்தாலும் உங்களுக்குத் தெரியாமல் போகலாம், அதனால் அடுப்பை அணைத்ததும் ரெகுலேட்டரை மூடுகிற பழக்கம் வையுங்கள். சேலம் இறங்கும்போது காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவரையும் பாருங்கள், மூக்குக்குள் சதை வளர்ந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது. போகும்போது கணவரையும் கூட்டிப் போங்கள், டாக்டர் வாயால் கேட்டால் அவருக்கும் சந்தேகம் போய்விடும்.